பஸ் நிற்காமல் போன சனிக்கிழமை

பின்நேரம் நாலு ஐம்பத்திரண்டு. சுவர் மணிக்கூட்டைப் பார்த்தபடியேதான் இருந்தேன், நிமிடம் பிசகில்லை. தலைமன்னார் போகும் பஸ் எங்கள் ஒழுங்கை முகப்புக்கு வரும்போது வேகம் குறையும், கியர் மாறும், பிறகு பிறேக் கிறீச்சிடும். வீட்டுக்குள் இருந்தே எல்லாம் கேட்கும். அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஹோர்ன் அடித்துக்கொண்டு பஸ் நேரே போய்விட்டது.

அதில் என் மகள் வந்து இறங்கியிருக்க வேண்டும்.

நீங்கள் மூன்று பேரும் விசேட கல்வி அலகுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். வளர்ந்த பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து வெளி உலகத்துக்கு அனுப்புவது பற்றி ஏதாவது எழுதித் தாருங்கோ ரீச்சர் என்று கேட்டீர்கள். இருபது வருஷத்துக்கு மேல் அந்த அறையில் இருந்தவள், முன்கூட்டியே ஓய்வு எடுத்தவள் என்பதால் கேட்டிருப்பீர்கள். நல்லபடி நடந்தவை எல்லாம் அலுமாரியில் உள்ள கோவைகளில் இருக்கின்றன, எடுத்து வாசியுங்கள். நான் எழுத உட்கார்ந்தால் கை இந்தச் சனிக்கிழமைக்கே போகிறது. ஆசிரியராக இருந்த எனக்கும் தாயாக இருக்கிற எனக்கும் அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சண்டை வந்தது. இரண்டு பேருமே தோற்றார்கள்.

என் மகள் டெல்சிக்கு அப்போது இருபது வயது. எழுத்துக் கூட்டி வாசிப்பாள். மணிக்கூட்டில் மணி தெரியும், நிமிடம் பிடிபடாது. ஒன்றைச் சொல்லிக் கொடுத்தால் மறக்கமாட்டாள். சொல்லிக் கொடுத்ததிலிருந்து ஒரு அங்குலம் விலகவும் மாட்டாள். மன்னார் டவுனில் ஒரு விருந்தினர் விடுதியில் படுக்கை விரிப்பு மடிக்கும் வேலை கிடைத்தது. நாலு மூலையும் பொருந்தாவிட்டால் பிரித்துத் திரும்ப மடிப்பாள். விடுதி நடத்துகிறவருக்கு அதனாலேயே அவளைப் பிடித்துப்போனது. சிக்கல் வேலையில் இல்லை. போய்வருவதில்தான்.

பஸ்ஸில் போக அவளுக்கு நானே பழக்கினேன். முதலில் பக்கத்தில் இருந்தேன், பிறகு பின் சீற்றில், பிறகு ஓட்டோவில் பின்தொடர்ந்தேன். நாலு மாதம் போனது. உங்களுக்குத் தெரியும், இப்படியான பிள்ளைக்கு ஒரு வழி பழக்கும்போது மாறாத அடையாளம் ஒன்றைப் பிடிக்க வேண்டும். கடைப் பலகை மாறும். மரத்தை வெட்டிப்போடுவார்கள். எங்கள் ஊர் பஸ் தரிப்புக்குப் பக்கத்தில் கல்லால் கட்டிய கெபி ஒன்று இருக்கிறது. அதற்குள் ஆளுயர அந்தோனியார் சுரூபம். நான் பிறக்க முதலே அங்கே நிற்பவர். "புயலுக்கே அசையாத ஆள், பிடியுங்கோ அவரை" என்று என் கணவரும் சொன்னார்.

ஆகவே பாடம் இதுதான்: அந்தோனியாரைக் கண்டதும் எழும்ப வேண்டும், "இறக்கம்!" என்று கொண்டக்டருக்குக் கேட்கச் சத்தமாகச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் அவசரப்பட்டு ஒரு ஊர் முந்தியே எழும்பி, பஸ் ஆடியதில் விழுந்து முழங்கையை உரசிக்கொண்டாள். அதனால் இன்னொன்றும் சேர்த்தேன். அந்தோனியாரைக் காணாமல் எழும்பக் கூடாது.

அதோடு நிற்கவில்லை நான். பஸ்ஸில் போனை வெளியே எடுக்கக் கூடாது, பறித்துவிடுவார்கள். தெரியாத ஆம்பிளைகள் கேட்டால் பேரும் ஊரும் சொல்லக் கூடாது. ஒவ்வொன்றையும் நூறு தரம் சொல்லிக் கொடுத்தேன். என் பயம் எங்கெல்லாம் போனதோ அங்கெல்லாம் ஒரு விதி வைத்தேன்.

இடையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பல வருஷத்துக்கு முன் முள்ளிக்குளத்திலிருந்து ஒரு தாய் தன் மகனைக் கூட்டிக்கொண்டு எங்களிடம் வருவா. மகனுக்குப் பதினெட்டு முடிந்தும் அவனைத் தனியே கடைக்குக்கூட அனுப்பமாட்டா. நான் இளம் ஆசிரியை, கையில் பயிற்சிக் குறிப்புகள் வேறு. "நீங்கள்தான் அவனைச் சின்னப்பிள்ளையா வைச்சிருக்கிறியள்" என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அவ கோபப்படவில்லை. "பள்ளிக்கூடம் விட்ட பிறகு அவன் உங்கட பிள்ளையில்லை ரீச்சர்" என்றா. அடுத்த தவணை வரவில்லை. பிடிவாதம் என்று கோவையில் எழுதி வைத்தேன். அந்தக் கோவையை யாராவது எடுத்தால், தயவுசெய்து அந்தச் சொல்லை வெட்டிவிடுங்கள்.

டெல்சி தனியாகப் போய்வரத் தொடங்கி இரண்டாவது வாரம். அதுவரை ஒவ்வொரு நாளும் கெபிக்குப் பின்னால் ஒளித்து நின்று அவள் இறங்குவதைப் பார்த்தேன். அந்தச் சனிக்கிழமைதான் முதல்முறை போகவில்லை. காலையில் அவள் வெளிக்கிடும்போது வாசலுக்கும் வரவில்லை. குசினிக்குள்ளேயே, அடுப்படியில் நின்றேன். பார்த்தால் பின்னால் போய்விடுவேன் என்று எனக்கே தெரியும்.

பஸ் நிற்கவில்லை. ஆகவே டெல்சி பஸ்ஸில் இல்லை. என் மூளை அப்படித்தான் கணக்குப் போட்டது. பஸ்ஸில் ஏறவில்லை என்றால் டவுனில்தான் நிற்கிறாள், அல்லது டவுனில் யாரோ... அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. அவளுக்குப் போன் எடுத்தேன். அடித்தது, எடுக்கவில்லை. திரும்ப எடுத்தேன்.

என் கணவர் கடல் எஞ்சின் திருத்துகிறவர். கை முழுக்க எண்ணெயோடு கொட்டிலிலிருந்து ஓடிவந்தார். "அவள் இருந்தும் பஸ் நிக்காமப் போயிருக்கலாம். கொஞ்சம் பொறுங்கோ."

"இருந்தா இறக்கம் சொல்லியிருப்பாள். அவளுக்கு மறக்காது."

"ஓமோம், ரீச்சர் படிப்பிச்சா பிழையாப் போகுமே?" என்றார். அந்த நேரத்திலும் குத்தினார். அல்லது பயத்தில் வந்த வார்த்தையோ தெரியாது.

நான் காது கொடுக்கவில்லை. ஓட்டோக்காரர் சூசை அண்ணரைக் கூப்பிட்டு மன்னாருக்கு விடச் சொன்னேன். மகள் ஒரு திசையில் போய்க்கொண்டிருக்க, நான் எதிர்த்திசையில் பறந்தேன். போகும் வழியில் கெபியைத் தாண்டித்தான் போனோம். நான் போனையே பார்த்துக்கொண்டு இருந்தேன், நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பயப்பிடாதையுங்கோ ரீச்சர், துலைஞ்சு போறதுக்கு மன்னார் என்ன கொழும்பே?" என்றார் சூசை அண்ணர். டவுனுக்குள் நுழையும் இடத்தில் ஆறேழு கழுதைகள் றோட்டை மறித்து நின்றன. அவர் இறங்கி விரட்டினார். அவை அசையவில்லை. நான் ஓட்டோவுக்குள் இருந்து அழுதேன்.

விடுதி நடத்துகிற பெண் என்னைவிட வயதில் இளையவர். என் முகத்தைப் பார்த்ததும் எழும்பினார்.

"டெல்சி எங்க?"

"நாலு மணிக்கே வெளிக்கிட்டிட்டா ரீச்சர். படலை வாசல் வரைக்கும் போய்ப் பார்த்தனான், பஸ் ஸ்ராண்டுப் பக்கம்தான் போனவ."

"பஸ்ஸில ஏத்தி விடேல்லையோ?"

"ஏத்த வேண்டாம், தனியப் பழகட்டும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

சொன்னவள் நான்தான். அதைக் கேட்டதும் எனக்கு வந்தது வெட்கம் இல்லை, ஆத்திரம். "இனி அவ வரமாட்டா. திங்கட்கிழமையில இருந்து வேற ஆளைப் பாருங்கோ" என்றேன்.

"ரீச்சர், இப்ப அதைக் கதைக்காதையுங்கோ. முதல்ல பிள்ளையைத் தேடுவம்."

"நான் சொல்லிப்போட்டன். அவ்வளவுதான்."

பாருங்கள், மகள் எங்கே என்றே தெரியவில்லை. அதற்குள் அவளுடைய வேலையை நான் விட்டுவிட்டேன். அவளைக் கேட்கவில்லை. இருபது வயதுப் பெண் ஒருத்தியின் முதல் உத்தியோகத்தை மூன்றாவது ஆளாக நின்று இரண்டு வசனத்தில் முடித்தேன். உங்களிடமும் ஒரு நாள் ஒரு தாயோ தகப்பனோ இப்படி வந்து நிற்பார்கள். இனி அனுப்பமாட்டோம் என்பார்கள். அன்றைக்கு அதைக் கோவையில் எழுதாதீர்கள். தண்ணீர் கொடுத்து அனுப்புங்கள். இரண்டு நாள் கழித்து வீட்டுக்குப் போய்ப் பிள்ளையிடமும் கேளுங்கள்.

பஸ் நிலையத்தில் நேரக்காப்பாளர் ஒருவர் கொப்பியை மூடிக்கொண்டிருந்தார். "என்ன உடுப்புப் போட்டவ?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. காலையில் நான் குசினிக்குள் நின்றவள் அல்லவா.

"நீங்கள் தாய்தானே?" என்றார். குத்துவதற்காகக் கேட்கவில்லை, எழுதிக்கொள்ளத்தான் கேட்டார். ஆனாலும் அது இன்னும் காதில் நிற்கிறது. பிறகு அவரே கொண்டக்டருக்குப் போன் எடுத்தார். பேசிக்கொண்டே என்னைப் பார்த்தார். பார்த்த விதத்தைக் கண்டு பக்கத்து வாங்கில் உட்கார்ந்துவிட்டேன்.

"அம்மா, அந்தப் பிள்ளை பஸ்ஸில ஏறினதுதான். முன் சீற்றில இருந்தபடி கடைசித் தரிப்பு வரைக்கும் போயிருக்கு. எங்க இறங்கவேணும் எண்டு கேட்டதுக்கு வாயே திறக்கேல்லையாம். தலைமன்னாரில எல்லாரோடயும் இறங்கி நடந்திட்டுதாம்."

"நடந்து போக விட்டிட்டு நிண்டவரே? பிடிச்சு வைச்சிருக்கக் கூடாதே?"

"வளர்ந்த பெண்பிள்ளையைக் கையில பிடிச்சு வைச்சால் சனம் சும்மா விடுமே அம்மா?"

அவர் சொன்னது நியாயம். அதுதான் என்னை உலுக்கியது. பத்து வயதில் அவள் வழிதவறிப்போயிருந்தால் பஸ்ஸே திரும்பியிருக்கும். யாரோ ஒரு பெண் மடியில் வைத்து பிஸ்கற் கொடுத்திருப்பாள். இருபது வயதில் அவளை யாரும் தொடமாட்டார்கள். தொடுகிறவன் நல்லவனாகவும் இருக்கமாட்டான். எங்கள் பிள்ளைகள் பெரியவர்களாகும்போது நடப்பது இதுதான். தேவை அப்படியே இருக்கும். ஊர் காட்டுகிற இரக்கம் மட்டும் குறைந்துவிடும். இருபது வருஷம் கற்பித்த எனக்கு ஒரு பஸ் நிலைய வாங்கில் இருந்தபோதுதான் அது விளங்கியது.

கணவருக்குப் போனில் விஷயத்தைச் சொல்லிவிட்டு, தலைமன்னாருக்கு விடச் சொன்னேன். சூசை அண்ணர் இப்போது பகிடி விடவில்லை. எங்கள் ஊரை நெருங்கும்போது ஆறு மணி தாண்டிவிட்டது. கெபிக்கு முன்னால் என் கணவர் நின்றார். கூட நாலைந்து சனம். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன்.

அந்தோனியார் இல்லை. அவர் நிற்கும் இடத்தில் ஊதாத் துணியால் சுற்றிய ஏதோ ஒன்று நின்றது.

தவக்காலத்தின் கடைசிப் பகுதியில், குருத்தோலை ஞாயிறுக்கு ஒரு கிழமை முன்னதாக, எங்கள் பக்கத்துக் கோயில்களில் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடுவோம். உயிர்ப்பு விழா வரைக்கும் திறப்பதில்லை. கெபிச் சுரூபத்தையும் சேர்த்துத்தான் மூடுவது. அன்று காலை பத்து மணிக்குக் கோயில் பெண்கள் நாலு பேர் போய் மூடினோம். கழுத்தடியில் மடிப்பு வைத்து ஊசி குத்தியது யார்? நான்தான். "நல்ல வடிவா விழுந்திருக்கு ரீச்சர்" என்றார்கள். சந்தோஷப்பட்டேன். மகளின் பாடம் அந்தத் துணிக்குள் போகிறது என்று ஒரு கணமும் தோன்றவில்லை. காலையில் அவள் பஸ் ஏறும்போது அவர் நின்றார். பின்நேரம் அவர் இல்லை. காணாமல் எழும்பக் கூடாது. அவள் எழும்பவில்லை. கொண்டக்டர் ஆம்பிளை, அவருக்கு ஊர் சொல்லக் கூடாது. சொல்லவில்லை. போன் அடித்தது, பஸ்ஸில் எடுக்கக் கூடாது. எடுக்கவில்லை. என் மாணவி ஒரு பிழையும் விடவில்லை.

"நேர தலைமன்னாருக்கு விடட்டோ?" என்றார் சூசை அண்ணர்.

"வேண்டாம்" என்றார் என் கணவர். "அங்க எனக்குத் தெரிஞ்ச படகுக்காரர் ரெண்டு பேர் தேடிக்கொண்டு நிக்கினம். இருக்கிறது ஒரு றோட்டு. அவள் எதில வந்தாலும் இதாலதான் வரவேணும். ஏற்கெனவே ஒருக்கா எதிர்ப்பக்கம் ஓடினனீங்கள். இப்ப நில்லுங்கோ."

"நிக்க ஏலாது என்னால."

"ஏலாதுதான். எனக்கும் ஏலாது. நில்லுங்கோ."

நெருக்கடி நேரத்தில் ஓடுவது எளிது. ஓடினால் ஏதோ செய்வதாகத் தோன்றும். நான் நின்றேன் என்று பெருமையாக எழுத ஆசைதான், ஆனால் அது முழு உண்மை இல்லை. கெபிப் படியில் ஏறித் துணியை இழுத்தேன்.

காலையில் என்னோடு துணி சுற்றிய பெண் ஒருவர் பதறினார். "ரீச்சர், தவக்காலம்! பாதர் ஏசுவார்!"

"ஏசட்டும்."

ஊசி ஒன்று பெருவிரலில் ஏறியது. துணி தோள்வரைக்கும் கிழிந்து இறங்கியது. என் கணவர் மோட்டார் சைக்கிளைத் திருப்பி அதன் வெளிச்சத்தைச் சுரூபத்தின் மேல் போட்டார். அப்போது அது புத்தியான வேலை என்றே நினைத்தோம். உண்மையில் ஒன்றுக்கும் உதவவில்லை.

அந்த அரை மணித்தியாலத்தில்தான், நாலு மாதப் பாடத்தில் எது இல்லை என்று எனக்குத் தெரிந்தது. சரியாக நடந்தால் என்ன செய்வது என்பதை மட்டுமே சொல்லிக் கொடுத்திருந்தேன். பிழையாகிப்போனால் என்ன செய்வது என்பதைத் தொடவே இல்லை. அதைச் சொல்லிக் கொடுப்பதென்றால் ஒரு நாள் நானே அவளை வேண்டுமென்று ஊர் தாண்ட விட்டிருக்க வேண்டும். பின் சீற்றில் இருந்துகொண்டு, அவள் தவிப்பதைப் பார்த்துக்கொண்டு, வாய் திறக்காமல் இருந்திருக்க வேண்டும். மற்றவர்களின் பிள்ளைகளுக்கு அதை நான் செய்திருக்கிறேன். என் பிள்ளைக்குச் செய்ய மனம் வரவில்லை. விதிகளைக் கூட்டினேன், அவளுக்கு ஒரு வழியைக்கூடக் கூட்டவில்லை. நீங்கள் பிள்ளையை வெளியே அனுப்பும் முன் ஒரு தரமாவது அவள் உங்கள் கண்ணுக்கு முன் வழி தவறட்டும். தாய் வேண்டாம் என்பாள். அந்தத் தாயோடு சண்டை பிடிக்காதீர்கள், பக்கத்தில் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஆறு நாற்பதுக்குத் தலைமன்னார்ப் பக்கமிருந்து வெளிச்சம் வந்தது. பஸ் வேகம் குறைந்தது. பிறேக் கிறீச்சிட்டது.

முதலில் இறங்கியது எனக்குத் தெரியாத ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். கையில் உரப்பை, பாவாடை விளிம்பில் மீன் செதில். அவர் திரும்பிக் கை நீட்ட, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு டெல்சி இறங்கினாள். நீலச் சட்டை. இனி மறக்கமாட்டேன். பஸ் அந்தப் பெண்ணையும் விட்டுவிட்டுப் போய்விட்டது.

நான் மகளைக் கட்டிப்பிடித்தேன். அவள் உடம்பை விறைப்பாக வைத்துக்கொண்டாள். கட்டிப்பிடிப்பது அவளுக்குப் பிடிக்காது. அந்தோனியாரை ஒரு தரம் பார்த்துவிட்டு, "அப்ப இவர் வரேல்லை" என்று என்னைக் குற்றம் சாட்டுகிற மாதிரிச் சொன்னாள்.

"அம்மாங்களா?" என்று அந்தப் பெண் கேட்டார். "நறுவிலிக்குளத்துல இருந்து கருவாட்டு வாடிக்குக் கூலி வேலைக்கு வந்தேங்க. கூட வந்தவங்க முன்னாடியே லொறியில போயிட்டாங்க. எனக்கு எழுத்துத் தெரியாது. எது மன்னார் பஸ்ஸுன்னு தெரியாம நின்னேன். ஆம்பளைங்ககிட்ட கேக்கவும் கூச்சமா இருந்துச்சு. இந்தப் புள்ள வந்து பக்கத்துல நின்னுச்சு. எங்க போறீங்கன்னு கேட்டுச்சு. மன்னாருன்னேன். போர்ட எழுத்துக் கூட்டிப் படிச்சுட்டு, வாங்கன்னு கையப் புடிச்சு ஏத்திருச்சு. அப்புறந்தான் அது ஊரு பேரச் சொன்னுச்சு, நான் கண்டக்டர்கிட்ட சொல்லி நிறுத்துனேன். தனியா இருட்டுல எறக்கி விட மனசு வரலீங்க, அதான் நானும் எறங்கிட்டேன். போனு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, எடும்மான்னா எடுக்கவே மாட்டேன்னுருச்சு."

என் கணவர் அவருக்கு முன்னால் கை கூப்பினார். நான் டெல்சியின் முகத்தைத் தொட்டு, "பயந்து போனியோ பிள்ளை? இனி அம்மா தனிய விடமாட்டன். இனி எங்கயும் போகவேண்டாம்" என்றேன்.

அவள் என் கையை மெதுவாக எடுத்துவிட்டாள். உரப்பையை அந்தப் பெண்ணிடமிருந்து வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"இவவுக்குப் பஸ் தெரியாது. நான்தான் கூட்டிக்கொண்டு வந்தனான்" என்றாள். "களைச்சுப் போனா. தேத்தண்ணி போடுங்கோ அம்மா. அப்பா இவவை வீட்டில கொண்டுபோய் விடட்டும். எனக்கு ஏலாது, திங்கட்கிழமை வேலை."